அது எரிமலை வாயுமில்லை, களப்புமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பயண இணைப்பில் ஸ்பெயினின் குவெங்கா மாகாணத்துக் குளங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் குவெங்கா என்ற பெயரைக் காண்பேன் என்று நான் நினைத்ததேயில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் கைபேசியில் அதைப் பார்த்த சந்தோஷத்தில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போது முழுவதையும் வாசித்தேன், வந்த சந்தோஷம் பாதி வழியிலேயே போய்விட்டது. எழுதியவர் அங்கே போனாரா இல்லையா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. போயிருந்தால் அந்தக் குளங்களை 'எரிமலை வாய்கள்' என்றும் 'களப்புகள்' (கடலோரத்து உப்புநீர் ஏரிகள்) என்றும் எழுதியிருக்க மாட்டார், 'மவுண்டன் பைக்கில் சரிவில் பாய்ந்து இறங்கி அப்படியே தண்ணீரில் குதிக்கலாம்' என்று நிச்சயமாக எழுதியிருக்க மாட்டார். முதல் இரண்டும் சொல் பிழை, சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதை நம்பி யாராவது ஒரு பெடியன் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருகாலத்தில் நானே இறங்கினேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம் புத்தூர். பதினாறு வருடமாக வலென்சியாவில், தோடம்பழம் பெட்டி போடுகிற இடத்தில் வேலை. ஊரில் சைக்கிள் என்றால் பின்னால் ஒரு மூட்டை வெங்காயமோ ஒரு தங்கச்சியோ இருக்கும். இங்கே வந்துதான் சும்மா சந்தோஷத்துக்காகவும் சைக்கிள் ஓடலாம் என்று தெரிந்தது. கூட வேலைசெய்கிற இரண்டு பேர், ஒரு பஸ் சாரதி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, நான் என்று ஐந்து பேர் மாதம் ஒருமுறை காரின் கூரையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போவோம். குவெங்காவுக்கு மட்டும் எட்டோ ஒன்பதோ தடவை போயிருப்போம். எங்களில் யாருமே பெரிய வீரர்கள் இல்லை. எனக்கு வயிறும் இருக்கிறது, ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்படுவதும் இல்லை.

சரி, எரிமலைக்கு வருகிறேன். அந்தப் பகுதியில் எரிமலையே கிடையாது. நிலம் முழுவதும் சுண்ணக்கல்லும் அதன் சகோதரமான டொலமைற் கல்லும்தான், டைனோசர்கள் திரிந்த காலத்தில் படிந்தவை. (சும்மா சொல்லவில்லை. குவெங்காவிலிருந்து அந்தப் பக்கம் போகும் வழியில் ஃபுவெந்தெஸ் என்றொரு ஊர் இருக்கிறது, 2007இல் அதிவேக ரயில் பாதைக்கு மண் வெட்டும்போது அங்கே ஆயிரக்கணக்கான டைனோசர் எலும்புத் துண்டுகள் வந்தன.) மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடு கீழே இறங்குகிறது. அந்தப் புளிப்பு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, கீழே பொந்து பெரிதாகிக்கொண்டே போகிறது, ஒருநாள் பொந்தின் கூரை தாங்காமல் இடிந்து விழுகிறது. அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இதற்கு இடிகுண்டு என்று சொல் இருக்கிறது, அதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை. குண்டின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டால் அது வெறுங்குண்டு, ஸ்பானியத்தில் தொர்க்கா என்பார்கள். நீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் ஊறிக் குளமாகிவிடும், அதைத்தான் லகூனா என்கிறார்கள். ஒரே வேலையின் இரண்டு முடிவுகள்.

களப்பு என்ற பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. லகூனா என்ற சொல்லைப் பார்த்ததும் ஆங்கிலத்து லகூன் ஞாபகம் வந்து, தொண்டைமானாறும் மட்டக்களப்பும் மனதில் ஓடியிருக்கும். ஸ்பானியத்தில் சின்ன ஏரி, குளம் எல்லாமே லகூனாதான். இந்தக் குளங்களிலிருந்து கடல் நூறு கிலோமீற்றருக்கும் மேல் தள்ளியிருக்கிறது, நிலமும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றுக்கூட எட்டிப் பார்க்காது.

இடத்தைச் சொல்கிறேன், போக விரும்புகிறவர்களுக்கு உதவும். குவெங்கா நகரம் மட்ரிட்டுக்கும் வலென்சியாவுக்கும் இடையில் இருக்கிறது. பாறை விளிம்பில் தொங்குகிற மாதிரிக் கட்டிய வீடுகளுக்குப் பேர்போன பழைய ஊர், 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கேயிருந்து தென்கிழக்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே போனால் கன்யாதா தெல் ஓயோ என்ற சின்னக் கிராமம். பெயரிலேயே 'ஓயோ', அதாவது குழி, இருக்கிறது. கிராமத்துக்குப் பக்கத்தில் ஏழு குளங்கள், மூன்று பொது நிலத்தில், நான்கு தனியார் தோட்டக் காணிக்குள். 2007இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள். வெறுங்குண்டுகள் இருப்பது வேறு இடத்தில், பலங்காரெஸ் என்ற பைன் காட்டுக்குள். அதையும் பக்கத்திலுள்ள தியெர்ரா முவெர்த்தாவையும் சேர்த்து 2001இல் பாதுகாத்தார்கள். தியெர்ரா முவெர்த்தா என்றால் செத்த நிலம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கல்லு நிலம், பயிர் வராது, அதனால் வந்த பெயராக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் வழக்கமாகக் கன்யாதா தெல் ஓயோவில் காரை விட்டுவிட்டு, விடியற்காலையில் குளங்களைப் பார்த்துக்கொண்டு, காட்டுப் பாதையால் பலங்காரெஸுக்கு ஏறி, குண்டுகளைச் சுற்றிவிட்டு வேறு வழியால் திரும்புவோம். வழி தவறுவதையும் சேர்த்து நாற்பத்தெட்டு, ஐம்பது கிலோமீற்றர் வரும். பெரிய ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒரு கிலோமீற்றர்கூடச் சமமாக இருக்காது. காட்டு இலாகா லொறிகள் போகிற அகலமான செம்மண் பாதைதான் பெரும்பாலும். கற்கள் கூரானவை, வெள்ளைக் கல்லில் சூரியன் பட்டுத் தெறிக்கும்போது எது பள்ளம் எது மேடு என்றே தெரியாது. ரியூப் இல்லாத ரயர் போட்டு உள்ளே அந்தப் பால் மாதிரியான ஒட்டுத் திரவத்தை ஊற்றியிருந்தால்தான் நிம்மதி. பஸ் சாரதி நண்பர் முதல் தடவை சாதாரண ரியூபோடு வந்து மூன்று பஞ்சர் பார்த்தார், நாலாவதுக்கு ஒட்டத் துண்டு இல்லாமல் ரயருக்குள் புல்லைத் திணித்துக்கொண்டு ஓடினார், சிரிக்காதீர்கள், அது வேலை செய்தது. வழியில் தண்ணீர் கிடைக்காது. கோடையில் ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோனாலும் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். தலைக்கு மேலே கழுகுகள் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்களில் யார் முதலில் விழுவார் என்று பார்ப்பதாக ஆசிரியை சொல்வார்.

பைன் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கிற காட்டில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், ஊசியிலை மெத்தையில் சக்கரச் சத்தம்கூட இருக்காது, திடீரென்று முன்னால் மரங்களின் உச்சி மட்டும் தெரியும். அடிமரம் எங்கே என்று பார்த்தால், அது ஐம்பது அறுபது மீற்றர் கீழே இருக்கிறது. அதுதான் தொர்க்கா. மேலே வட்டமாகச் செங்குத்துப் பாறை, அதன் கீழே சரிந்த கற்குவியல், அடியில் இன்னொரு காடு. விளிம்பில் நின்றால் கோடையிலும் கீழிருந்து குளிர்காற்று முகத்தில் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது: ஓநாய்க் குண்டு, மணப்பெண் குண்டு, தேன்பெட்டிக் குண்டு, நீளக் குண்டு. மணப்பெண் ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாக் கதையிலும் பாவம் அந்தப் பெண் செத்துப்போவாள்.

இப்போது என் கதை. வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், அப்போதுதான் பழைய மவுண்டன் பைக் ஒன்றைக் கடனுக்கு வாங்கியிருந்தேன், அடங்காத காலம். காட்டின் ஓரத்தில் பெயரில்லாத ஒரு சின்னக் குண்டு, ஒரு பக்கம் பாறையில்லாமல் வெறும் சரிவாக இருந்தது. உங்கள் கட்டுரையாளர் எழுதினமாதிரியே, பாய்ந்து இறங்கலாம் என்று நினைத்தேன். பாய்ந்தேன். பத்து மீற்றர்தான் ஓடியிருப்பேன், சக்கரத்துக்குக் கீழே இருந்த கற்களெல்லாம் சேர்ந்து என்னோடு கீழே வரத் தொடங்கின, பின் பிரேக்கைப் பிடித்தேன், சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு உடைந்தது. மேலே ஏற்றிவிட நாலு பேருக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. சைக்கிளை அடுத்த கிழமை வந்துதான் எடுத்தார்கள். இதில் வீரக்கதை ஒன்றுமில்லை, முட்டாள்தனத்துக்குக் கிடைத்த சம்பளம்.

எலும்பு பொருந்திவிட்டது. அடுத்த வருடம் அதே இடத்துக்கு, இந்தத் தடவை நடந்து, போய்ப் பார்த்தேன். என் பின்சக்கரம் இழுத்த கோடு அப்படியே இருந்தது. வெறும் கோடாகக்கூட இல்லை, மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலாக்கியிருந்தது. இரண்டு பக்கமும் மண் போய் வேர் தெரிந்தது. அந்தக் கல்லின் மேலே மண் நாலு விரல் தடிப்புக்கூட இராது, அது சேர எத்தனை காலம் எடுத்திருக்குமோ. நான் பத்து மீற்றர் சறுக்கினதற்கு ஒரு வாய்க்கால். வாராவாரம் இருபது பேர் இறங்கினால்? அந்தக் குண்டுகளின் அடியில் வெயில் படாத ஈரத்தில் மட்டும் வளர்கிற செடிகள் இருக்கின்றன, மேலே காய்ந்த காட்டில் அவை இல்லை. மேலேயிருந்து வருகிற கல்லும் மண்ணும் போய் விழுவது அவற்றின் தலையில்தான்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம். லொறி போகிற பாதையில் மட்டும் சைக்கிள், குண்டின் விளிம்புக்கு ஐம்பது மீற்றர் முன்னால் இறங்கி மரத்தில் சாய்த்துவிட்டு நடை. மணப்பெண் குண்டைச் சுற்றியோடும் நடைபாதை சைக்கிள் ஓட ஆசையாகத்தான் இருக்கும், வளைந்து வளைந்து போகும், வேர் எல்லாம் படி படியாக இருக்கும். ஆசையை அடக்கிக்கொள்வோம். ஒருநாள் எதிரே வந்த வயதான தம்பதி எங்களை நடந்துவரக் கண்டு, சைக்கிள் உடைந்துவிட்டதா என்று பரிதாபமாகக் கேட்டார்கள்.

இனிக் குளங்கள். தண்ணீரில் குதிப்பதைப் பற்றி. குளிக்கத் தடை, அறிவிப்புப் பலகையே இருக்கிறது, இதைக் கட்டுரையாளர் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஏன் தடை என்பதைச் சொன்னால்தான் வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இந்தக் குளங்களுக்கு ஆறு வந்து சேர்வதும் இல்லை, வெளியே ஓடுவதும் இல்லை. நிலத்தடி நீர் ஜன்னல் திறந்து எட்டிப்பார்க்கிறது, அவ்வளவுதான். உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும், அல்லது கல்லுக்குள்ளால் கசிந்து யாருடைய கிணற்றுக்கோ போகும். ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு நிறம், பச்சை, நீலம், கறுப்பு. நீங்கள் போட்ட படத்தில் கண்ணைக் குத்துகிற நீலம் இருந்தது, அவ்வளவு நீலத்தை நான் அங்கே பார்த்ததில்லை, படத்தைத் திருத்தினவருடைய கைவண்ணம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது லகூனா தே லா குரூஸ், சிலுவைக் குளம். ஜிப்சிப் பெண் குளம் என்றும் சொல்வார்கள். நூற்றிருபது மீற்றர் அகலமான, கிட்டத்தட்டக் கவராயத்தால் கீறினமாதிரி ஒரு வட்டம், இருபது மீற்றர் ஆழம். ஒவ்வொரு கோடையிலும், ஜூலை கடைசியிலோ ஓகஸ்டிலோ, சில நாட்களுக்கு இந்தக் குளம் பால் ஊற்றினமாதிரி வெள்ளையாகிவிடும். தண்ணீர் சூடாகும்போது, அதிலுள்ள பாசிகளும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு இனிமேல் கரைந்திருக்க முடியாமல் தூளாகப் பிரிந்து நிற்கிறது, பிறகு மெதுவாக அடியில் படிகிறது. எட்டு ஒன்பது தடவை போனதில் ஒரே ஒருமுறைதான் அதைக் கண்டேன். விளிம்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஊரில் பெரியம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு கலக்கிய அண்டா ஞாபகம் வந்தது.

அந்தக் குளத்தின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதே இல்லை. குளிர்காலத்திலும் இல்லை. கீழே உயிர்வளி கிடையாது, கரைந்த இரும்பு நிறைய உண்டு. அதனால் அடியில் மண்ணைக் கிளறப் புழுவும் பூச்சியும் இல்லை, ஒவ்வொரு கோடையிலும் விழுகிற வெள்ளைத் தூள் ஒரு மெல்லிய படையாக, அதன்மேல் மீதி வருடத்துக் கறுப்புப் படை, அதன்மேல் அடுத்த வருடத்து வெள்ளை என்று புத்தகத் தாள்மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. வலென்சியாப் பல்கலைக்கழகத்து ஆட்கள் நீண்ட காலமாக இதை ஆராய்கிறார்கள். குளிர்காலத்தில் மழை அதிகமாகப் பெய்தால் அடுத்த கோடை வெள்ளைப் படை தடிக்கும் என்று கண்டிருக்கிறார்கள், அதாவது அந்தப் பக்கத்தில் மழைமானி வைக்கும் முன்பு பெய்த மழைக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் வெயில் பூச்சு அப்பிக்கொண்டு, கரைக் கல்லையெல்லாம் உருட்டிக்கொண்டு குதிக்கிற இடமா அது, நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு மனத்தாங்கலோடு எழுதுகிறேன் என்றால், நான் நிலாவரைக்குப் பக்கத்தில் பிறந்தவன். வாசகர்கள் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நவக்கிரியில் வீதியோரமாக இருக்கிற, அடி காணாதது என்று பேர்பெற்ற கிணறு, இராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்பார்கள். அதில் தேசிக்காய் போட்டால் கடற்கரையிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். என் சிநேகிதன் ஒருவன் மெய்யாகவே பேரெழுதிய தேசிக்காய் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த நாள் கீரிமலைக்குச் சைக்கிளில் போய்ப் பின்னேரம் வரை கேணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. அதுவும் ஓர் இடிகுண்டுதான், சுண்ணக்கல் கரைந்து இடிந்தது. மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு. குவெங்காக் குளத்தின் விளிம்பில் முதல்முறை நின்றபோது என் வாயில் வந்த சொல் நிலாவரை, கூட நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும்தான். குடிப்பதும் இறைப்பதும் கல்லுக்குள் தேங்கின மழைத்தண்ணீர். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எத்தனை குடும்பம் போத்தலோடு வரிசையில் நின்றது என்பதை உங்கள் பத்திரிகைதான் கிழமைக்கணக்காக எழுதியது. கல்லுக்குள் போனது எந்த வழியால் எங்கே வெளிக்கிடும் என்று மேலேயிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தத் தேசிக்காய்க் கதையில் அவ்வளவு உண்மை இருக்கிறது. போன வருடம் ஊருக்குப் போனபோது நிலாவரையை எட்டிப் பார்த்தேன், தண்ணீரில் மிதந்தது இரண்டு பிளாஸ்ரிக் போத்தல், ஒரு செருப்பு. அந்தச் செருப்பு கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

வாசகர்கள் குவெங்காவுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, போங்கள், சைக்கிளோடேயே போங்கள், காரில் போனால் அந்தக் காட்டின் மணமே தெரியாது. மே மாதமும் ஒக்டோபரும் நல்லது. ஒக்டோபரில் கிராமத்து ஆட்கள் கூடையோடு காளான் பிடுங்கத் திரிவார்கள், ஆனால் அதே காலத்தில் சனி ஞாயிறுகளில் வேட்டையும் நடக்கும், பாதையில் வேட்டை அறிவிப்பு வைத்திருந்தால் தயவுசெய்து வேறு பாதையால் போங்கள். பாதை ஈரமாக இருக்கிற நாளில் போகவேண்டாம், செம்மண் சக்கரத்தில் ஒட்டிச் சைக்கிள் இருமடங்கு பாரமாகும், உங்கள் தடமும் வெயிலில் இறுகிக் கிடக்கும். பசித்தால் கிராமத்துக் கடையில் அஹோஅர்ரியேரோ என்று கேளுங்கள், உப்புக் கருவாட்டு மீனையும் உருளைக்கிழங்கையும் உள்ளியையும் சேர்த்து மசித்தது, பாணில் பூசிச் சாப்பிடுவார்கள். கொஞ்சம் செத்தல் மிளகாய் இருந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். நான் இப்போது மிளகாய்த்தூளைச் சின்னப் போத்தலில் சைக்கிள் பைக்குள் கொண்டுபோகிறேன், பஞ்சர் ஒட்டுகிற சாமானோடு.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். குளிக்கத் தடை, குண்டுகளுக்குள் சைக்கிள் இறக்கவேண்டாம், இந்த இரண்டு வரி போதும். கட்டுரையின் இணையப் பதிப்பிலும் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் தாளை மடித்துப் போட்டுவிடுவார்கள், இணையத்தில் இருப்பதைத்தான் இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒரு பெடியன் தேடிப் பிடித்து வாசிப்பான். இடமிருந்தால் எரிமலையையும் எடுத்துவிடுங்கள். களப்பை வேண்டுமானால் விட்டுவையுங்கள், அதை வாசித்து என் ஊர் ஆட்கள் யாராவது தூண்டிலோடு வந்தால் நான் ஸ்ரேஷனில் போய்க் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
புத்தூரான்,
வலென்சியா, ஸ்பெயின்